பங்களிப்புப் படிவம்

"எங்களுக்கு நகை வேண்டாம், வண்டி வேண்டாம், வீடு வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னபோது பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. மனுஷர் அவசரப்பட்டுவிட்டார். நாலாவது விரல் இன்னும் மடங்கவில்லை.

"பொண்ணு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஏதோ கட்டுரை எழுதி வச்சிருக்காமே. அதுல எங்க பையன் பேரைச் சேர்த்துடுங்க. முதல் பேரா வரணும்."

"அஞ்சு வருஷம் அலைஞ்சு எழுதினதுங்க அது."

"யாரு இல்லேன்னா? கட்டிக்கப் போறவன் பேரு முன்னால வந்தா அவளுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?"

மாப்பிள்ளை கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். கல்லூரியில் விரிவுரையாளன். பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரையாவது வேண்டும், எழுத வராது. எழுத வராதவனுக்கு எழுதத் தெரிந்த மனைவி கிடைத்தால் போதாதா, அதைத்தான் வீட்டோடு கிளம்பி வந்து கேட்டார்கள்.

பெண்ணின் அம்மா சிரித்த முகமாக பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் நூற்பாலை இயந்திரங்களுக்கு நடுவே நின்று காது அடியோடு போய்விட்டவள். மகளின் கட்டுரையே அந்தக் காதுகளைப் பற்றியதுதான். ஆலை ஆலையாக ஏறி இறங்கி, காவலாளிகளிடம் திட்டு வாங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் கேட்கும் திறனைச் சோதித்து எழுதியிருந்தாள்.

'என்ன கேக்கறாங்க?' என்று அம்மா புருவத்தை உயர்த்தினாள். மகள் ஒரு நொடி தயங்கிவிட்டு, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள்: "ஒண்ணும் வேண்டாமாம்மா."

அம்மா கண் கலங்கி, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மாப்பிள்ளையின் அக்கா தேநீர்க் கோப்பையை விட்டு நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் பெண் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அக்கா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறவள். புதன்கிழமைதோறும் ஆய்வு மாணவர்களுக்குப் பயிலரங்கம் நடத்துவாள்: மேற்கோள் எப்படிக் காட்டுவது, போலிப் பத்திரிகையை எப்படிக் கண்டுகொள்வது, கட்டுரையில் யார் பெயரைப் போடலாம், யார் பெயரைப் போடக் கூடாது. மாணவர்கள் வைத்த பெயர் 'ஒர்க்‌ஷாப் மேடம்'. இந்தப் பெண் அங்கே ஒரு வாரமும் தவறாமல் முதல் வரிசையில் உட்காருகிறவள்.

அக்காதான் ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது, "பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒரு கட்டுரைய நான் பார்த்ததில்ல" என்று வாயைத் திறந்து பாராட்டினாள். தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அடுத்த வாரமே பெண் கேட்டு ஆள் போயாகிவிட்டது.

பெண் வீட்டிலிருந்து திரும்பும்போது காரில் அக்கா மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா, இது தப்பு. செய்யாத வேலைக்குப் பேரு போட்டுக்கறது திருட்டு."

"புருஷன் வீட்டுல ஆறு மாசம்கூட குப்பை கொட்ட முடியாம வந்து நின்னவ, எனக்கு நியாயம் சொல்றியா? தம்பி பெரிய மனசு பண்ணிப் பின்னறைய விட்டிருக்கான். அந்த நன்றிக்காவது வாய மூடிக்கிட்டு இரு."

"விடும்மா, அக்காவுக்கு இங்கயும் ஒர்க்‌ஷாப் நினைப்பு" என்று தம்பி சிரித்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன் அவளும் வாடகை வீடு தேடிப் பார்த்தவள்தான். பதினாலு வீடு. சம்பளச் சீட்டை யாரும் பார்க்கவில்லை. "தனியாவா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு பின்னறையே கதி என்று கிடந்தாள்.

அடுத்த புதன்கிழமை பயிலரங்கத் திரையில் பங்களிப்புப் படிவம் விரிந்தது. கட்டுரையோடு அனுப்ப வேண்டிய தாள் அது. ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார் என்று எழுதி அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வரிசையிலிருந்து பெண் எழுந்தாள்.

"மேடம், ஒண்ணுமே செய்யாத ஒருத்தர் பேரைப் போட்டே ஆகணும்னா, அந்தக் கட்டத்துல என்ன எழுதறது?"

பின்வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. யாரைச் சொல்கிறாள் என்று மேடத்துக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் பதினஞ்சு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் தானாகவே வாயில் வந்துவிட்டது. "பேரு போட என்ன காரணமோ அத உள்ளது உள்ளபடி எழுதணும். பொய் எழுதக் கூடாது."

பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெண் நூலகத்தின் உதவி மேசைக்கு வந்தாள். முதல் கட்டுரை அனுப்புகிறவர்கள் மேடத்தோடு உட்கார்ந்து சரிபார்த்து அனுப்புவது அங்கே வழக்கம். கட்டுரையையும் படிவத்தையும் நீட்டினாள்.

முதல் கட்டத்தில் தம்பியின் பெயர். அதற்கு நேரே, உருட்டி உருட்டி எழுதியிருந்தது: 'இந்த ஆய்வில் இவர் எந்த வேலையும் செய்யவில்லை. இரண்டாம் ஆசிரியரைத் திருமணம் செய்துகொள்ள இவர் வீட்டார் விதித்த நிபந்தனைப்படி பெயர் முதலில் சேர்க்கப்படுகிறது.' கீழே தம்பியின் கையெழுத்து, வால் நீட்டி, இரண்டு புள்ளி வைத்து, ஜம்மென்று.

"அவன் படிச்சானா?"

"படிச்சுப் பாருங்கன்னுதான் கொடுத்தேன், மேடம். எங்க போடணும்னு மட்டும் கேட்டாரு."

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "பத்திரிகைக்காரங்க சும்மா விடமாட்டாங்க. அவன் காலேஜுக்குக் கடிதம் போடுவாங்க. உன் கட்டுரையும் மாசக்கணக்குல கிடப்புல கிடக்கும். கல்யாணம் நின்னு போகும்."

"தெரியும். அப்பா என் முகத்துல முழிக்க மாட்டாரு. அம்மாவுக்கு நான் உதட்ட அசைச்சு என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல." அவள் படிவத்தின் மேல் விரலை வைத்தாள். "உங்கள அண்ணின்னு கூப்பிட வேண்டியிருக்காது. எழுதினது தப்புன்னா சொல்லுங்க, இப்பவே கிழிச்சுடறேன்."

ஒரு வார்த்தை போதும். தப்பு என்று சொன்னால் தம்பிக்குப் பெயர் கிடைக்கும், பின்னறை மேடத்துக்கு நிலைக்கும், ஊருக்கு ஒரு கல்யாணம் நடக்கும். சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கே கூசியது. படிவத்தை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"தேதி போடல" என்றாள்.

பெண் தேதியைப் போட்டாள். மேடம் தாளை இயந்திரத்தில் வைத்து நகலெடுத்து, கட்டுரையோடு இணைத்து, தன் விரலாலேயே பொத்தானை அழுத்தி அனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "என்ன, அனுப்பிட்டாளா?"

"நானே சரிபார்த்து அனுப்பிட்டேன்."

"ராசா, கேட்டியா! உன் பேரு வெளிநாட்டுக்குப் போயாச்சு!"

தம்பி உடனே கல்லூரி முதல்வருக்குத் தொலைபேசி போட்டான். கட்டுரை போயிருக்கிறது, முதல் பெயர் தன்னுடையது என்று கூடம் அதிரச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா அன்றைக்கு மகளுக்குத் தன் கையாலேயே சோறு போட்டாள், பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக. "உன்னாலயும் இந்த வீட்டுக்கு ஒரு உபகாரம் ஆச்சே. நல்லா சாப்பிடு."

அவள் நன்றாகவே சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கை கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய பெட்டியை இழுத்துத் தூசி தட்டி, துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்க ஆரம்பித்தாள்.