கதவில் இருந்த இரண்டு முத்திரைகள்

ஒட்டிவிட்டார்! நான் பல் மருத்துவரிடம் போய்த் திரும்புவதற்குள் ஒரு பெட்டி முத்திரைக் கட்டிகளையும் பசை போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டார் என் கணவர். ஊருக்கு அவர் அருங்காட்சியகத் தலைவர். எனக்கு அந்த நிமிடம் அவர் பூமாலை கிடைத்த குரங்கு.

முத்திரைக் கட்டி என்பது களிமண். அந்தக் காலத்தில் கதவைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈர மண்ணை அப்பி, முத்திரையை அழுத்திவிடுவார்கள். யார் திறந்தாலும் மண் உடைந்து காட்டிக்கொடுக்கும். முன்பக்கம் படம் இருக்கும், பின்பக்கம் கயிற்றின் தடம் இருக்கும். கட்டி கதவில் இருந்ததா, ஜாடியில் இருந்ததா என்று அந்த முதுகுதான் சொல்லும். இனி பெயர்த்தால் தூளாகும்.

ஜாடிக் கட்டிகளில் ஏதாவது ஒரு முத்திரைதான். தானிய அறையின் கதவுக் கட்டி ஒவ்வொன்றிலும் காளை முத்திரையும் தேள் முத்திரையும் சேர்ந்தே இருந்தன. அதாவது அந்த அறையை ஒருவர் தனியாக மூட முடியாது, இருவரும் வந்து நிற்க வேண்டும். ஒருவர் ஆணையிட, மற்றவர் பணிந்த கதை இல்லை அது. என் ஆராய்ச்சியே இதுதான். பலகையில் இவர் எழுதியிருந்ததோ, ‘தலைவனின் முத்திரை’.

“அப்போ தேள் யாரு?” என்றேன்.

“அவனோட வேலையாளா இருப்பான்.”

“பின்பக்கத்தைப் பாத்தீங்களா?”

“வெறும் மண்ணுதானேம்மா. ஜனங்களுக்கு ஒரு ராஜா இருந்தாத்தான் பிடிக்கும்.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். போன மாதம் என் கை பட்டு ஒரு சில்லு உதிர்ந்ததற்கு எல்லார் முன்னாலும் என்னை வறுத்தெடுத்தவர் இவர்தான்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“எதுக்கு? பெட்டிங்க இருக்கற அறைச் சாவி எங்கிட்டதானே இருக்கு! சாப்பிட்டு வந்து அடுத்த பெட்டியையும் முடிச்சிடறேன்.”

அவர் அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் தெருமுனை இரும்புக்கடைக்குப் போனேன். இருந்ததிலேயே பெரிய பூட்டாக வாங்கிவந்து, அந்த அறைக் கதவில் சும்மா கிடந்த கீழ்க்கொண்டியில் போட்டேன்.

பசை டப்பாவோடு வந்தவர் அப்படியே நின்றார்.

“என்ன கூத்து இது? சாவியக் குடு.”

“குடுக்க மாட்டேன். நீங்க உங்க பூட்டத் திறங்க, நான் என்னோடதத் திறக்கறேன். டப்பா வெளியிலயே இருக்கட்டும்.”

“நான் இங்க தலைவர்!”

“இருந்துக்கோங்க. இந்தக் கதவுக்கு ரெண்டு பேர்.”

கத்திப் பார்த்தார். வேலை செய்பவர்கள் எட்டிப் பார்த்ததும் குரலை இறக்கிக் கெஞ்சியும் பார்த்தார். அவர் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுத் தன் சாவியை எடுக்கும்வரை, நான் என் சாவியை வெளியே எடுக்கவே இல்லை.