ஒரு படி தவிட்டுக்கு

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பந்தக்கால் நடக்கூடாது என்று மணியக்காரர் கண்ணுசாமி சொல்லிவிட்டார். தாலுக்கா கச்சேரிக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். பெண்ணுக்குப் பதினாலு வயது ஆகவில்லை, மாப்பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை, நாலு வருஷமாக அமலில் இருக்கும் சாரதாச் சட்டப்படி இரண்டு வீட்டாரையும் உள்ளே தள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதியது வேலுமணி என்று ஊருக்கே தெரியும். அவன் பெண்ணுக்கு மாமன் மகன். ஆனால் யாரும் அவனைக் கேட்கவில்லை. பந்தலுக்குத் தென்னங்கீற்று கொடுப்பதாக அவன்தான் ஒப்புக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை சென்னிமலை கிணறு வெட்டுகிறவன். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டுக் கயிற்றில் ஏறி வருகிறவன். அவன் மீசை ஒரு தடவை வெடியில் கருகி, இரண்டாந்தடவை வளர்ந்தது. அதைத் தொட்டுக் காட்டினான்.

"மீசையெல்லாம் சட்டத்துக்குத் தெரியாதப்பா," என்றார் மணியக்காரர். "காயிதந்தான் தெரியும். ரெண்டு பேருக்கும் பொறந்த நகல் வாங்கியாந்து குடுத்துரு. அப்பறம் பந்தக்கால் நடு, தேர் வேணுமுன்னாலும் இழு."

மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு சோளக்காட்டில் பாதிக் கிணறு நின்றது. அதை அப்படியே போட்டுவிட்டுச் சென்னிமலை கச்சேரிக்கு நடந்தான். மனு எழுதுகிறவரிடம் மனு எழுதி வாங்கி, ஸ்டாம்பு ஒட்டி, நகல் குமாஸ்தா கைலாசத்திடம் நீட்டினான். கைலாசம் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சிவப்புத் துணியில் கட்டிய ஜனன மரண ரிஜிஸ்தர்களுக்கு நடுவில், கரையான் தின்றது போக மிச்சமிருப்பதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

பெண் கண்ணாத்தாளின் பிறப்பு சீக்கிரமே கிடைத்துவிட்டது. பதினாறு வயது. தகப்பன் மாதையன், தாய் பாப்பாயி. கைலாசம் நகல் எழுதி, முத்திரை குத்தி ஓரமாக வைத்தார். பிறகு சென்னிமலையைத் தேடினார்.

"அப்பன் பேரு கருப்பணன்தானே?"

"ஆமாங்க."

"கருப்பணன் பேர்ல மூணு பொறந்திருக்கு. மூணும் செத்திருக்கு. கணக்கு நேரா இருக்கு. நாலாவது இல்லை."

"நாந்தானுங்க நாலாவது."

"இல்லைங்கறேன்."

"உங்க முன்னால நிக்கறனுங்களே, சாமி."

"நிக்கறதை நான் நகல் எடுக்க முடியாது. எழுதியிருந்தாத்தான் எடுக்கலாம்."

சென்னிமலை கொஞ்சம் யோசித்தான். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னான். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் செத்துப்போனதால், அவனைப் பெற்றதும் அம்மா மாரக்காள் முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பாப்பாயி ஒரு படி தவிட்டைக் கொடுத்துவிட்டு அவனை எடுத்துக்கொண்டாள். மாரக்காளின் பிள்ளை என்று தெரிந்தால் எமன் வருவான், பாப்பாயியின் பிள்ளை என்றால் வழி தவறிவிடுவான் என்று கணக்கு. ஒரு நாழிகை கழித்துப் பால் குடிக்க அவன் மாரக்காள் வீட்டுக்கே வந்துவிட்டான். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் அவனைத் தவுடன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கைலாசம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாதையன் பேரில் தேடினார். இருந்தது. அந்தக் காலத்து மணியக்காரர், கண்ணுசாமியின் தகப்பனார், ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதியிருந்தார். ஆண். தகப்பன் மாதையன். தாய் பாப்பாயி. குறிப்பு: மாரக்காளிடமிருந்து ஒரு படி தவிட்டுக்கு.

"இருபத்திரண்டு வயசு முடிஞ்சிருச்சு. வயசுல ஒரு குத்தமும் இல்லை," என்றார். இரண்டாவது நகலையும் எழுதி முதல் நகலின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒரு தடவை பார்த்தார். சென்னிமலையைப் பார்த்தார். "ஆனா பொண்ணு உனக்குத் தங்கச்சி ஆகுதேப்பா."

மணியக்காரரும் அதையேதான் சொன்னார். "நகல் இல்லாம நட்டா சட்டம் புடிக்கும். நகலோட நட்டா ஊரு காறித் துப்பும். அண்ணந்தங்கச்சிக்குப் பந்தக்கால் நட உட்டான்னு என்ற பேரு கெட்டுப்போயிரும்."

"எழுதுனது உங்க அய்யனுங்க."

"அவருகிட்டச் சொன்னதைத்தான் எழுதுனாரு. பொய் எழுதற வளக்கம் எங்க ஊட்டுல இல்லை."

சென்னிமலை மறுபடியும் பன்னிரண்டு மைல் நடந்தான். இந்தத் தடவை கைலாசம் ஒரு வழி சொன்னார். பாப்பாயி மகன் செத்ததாக ஒரு மரணப் பதிவு எழுதிவிட்டால் அந்தப் பிறப்பு ஒழிந்தது. பதிவே இல்லாத ஆளுக்கு ஆஸ்பத்திரி டாக்டர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது எழுதிக் கொடுப்பார். பதிவில் தாயாக இருக்கும் பாப்பாயி வந்து செத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வீட்டில் அதைச் சொன்னபோது மாரக்காள் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது.

"அந்த வார்த்தைய ஆரும் சொல்லக்கூடாதுன்னுதான்டா உன்னையக் குப்பையில போட்டேன்."

"சும்மா காயிதத்துக்குத்தானம்மா."

"மத்த மூணும் காயிதத்துலதான் இருக்குது. எங்க இருக்குதுன்னு காட்டு பாக்கலாம்." மறுபடியும் குத்தத் தொடங்கினாள். "கண்ணாலம் ஆவாட்டியும் போகுது. உசுரோட இரு."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பாப்பாயி வேலி ஓரமாக வந்து நின்றாள்.

"ஏன் மாரக்கா, எதுக்கு இத்தனை பேச்சு? தவுட்டைத் திருப்பிக் குடுத்துட்டு உன்ற பையனை நீ வாங்கிக்க. ஒரு படி தவுடுதானே. எம்மாட்டுக்கு ஆச்சு."

மாரக்காள் உலக்கையைக் கீழே வைத்தாள். பாப்பாயிக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. தவிட்டைத் திருப்பினால் சென்னிமலை மறுபடியும் மாரக்காளின் பிள்ளை. மாரக்காளின் பிள்ளைகள் தங்கியதில்லை. அவன் இறங்கவேண்டிய கிணறோ பாதியில் நிற்கிறது. மூன்று துளை மருந்து இன்னும் வெடிக்கவேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மாரக்காள் இரண்டு நாள் கம்பு குத்திக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு பையில் தவிட்டை அளந்து கொட்டி, அளந்த படியையும் அதன்மேல் வைத்துக் கட்டினாள். "வாரேன், நடங்க," என்றாள்.

மணியக்காரர், பாப்பாயி, கண்ணாத்தாள், சென்னிமலை, தவிட்டோடு மாரக்காள் என்று ஐந்து பேர் வந்து நின்றதைக் கண்டதும் கைலாசம் ரிஜிஸ்தரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எழுதினதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை," என்றார். "கீழே குறிப்பு எழுத மணியக்காரருக்கு உண்டு. குறிப்பு இருந்தா அதையும் சேர்த்து நகல் எழுத வேண்டியது என் கடமை. ஆனா கொடுக்கல் வாங்கல் என் கண்ணு முன்னால நடக்கணும். கேள்விப்பட்டதை எழுத முடியாது."

பின்னால் நின்றிருந்த கண்ணாத்தாள் அத்தை மாரக்காளின் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, அத்தைக்குப் பயமாருக்குது. எங்கம்மாகிட்ட இருந்து நானே தவுடு குடுத்து வாங்கிக்கறனுங்களே. எப்பிடியிருந்தாலும் எங்கிட்டத்தான வரப்போறாங்க."

கைலாசம் ரிஜிஸ்தரின் கட்டங்களில் விரலை ஓட்டினார். "வாங்கினவங்க பேரு தாய்ங்கற கட்டத்துல வரும். அப்ப இவன் உனக்கு மகன்."

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டான். "தங்கச்சியே தேவலாமுங்க," என்றான்.

"அப்ப வேற வழியில்லை," என்றார் மணியக்காரர். "அளங்க ஆத்தா."

மேசைமேல் ஒரு பழைய கெஜட்டை விரித்தார்கள். மாரக்காள் பையைப் பிரித்தாள். படியை இடது கையில் பிடித்து, வலது கையால் தவிட்டை அள்ளிப் போட்டாள். கூரையில் துணிப் பங்கா ஆடிக்கொண்டிருந்தது. தவிடு பறந்து கைலாசத்தின் மூக்கில் ஏற, அவர் ஏழெட்டுத் தும்மல் போட்டார். அவர் நிமிர்ந்தபோது படி நிறைந்து, கோபுரமாக நின்றது.

பாப்பாயி தும்மவில்லை. அவள் சந்தையில் முப்பது வருஷம் கம்பும் சோளமும் வாங்கினவள். படியைப் பிடித்திருந்த மாரக்காளின் கையைப் பார்த்தாள். மற்ற நாலு விரலும் வெளியே இருந்தன. கட்டைவிரல் அடிவரைக்கும் படிக்குள் இருந்தது. மாரக்காளின் முந்தானை நுனியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முடிச்சு புதிதாகத் தொங்கியது. அதன் ஓரத்தில் தவிடு ஒட்டியிருந்தது.

ஒரு பிடி குறைந்தது. அந்த ஒரு பிடிக்கு மகன் இன்னும் பாப்பாயியுடையவன்.

"முழுப்படி வந்துருச்சாம்மா?" என்று கேட்டார் கைலாசம், மூக்கைத் துடைத்தபடி. "சரியாப் பார்த்துச் சொல்லு. சர்க்கார் பதிவு."

மாரக்காள் பாப்பாயியைப் பார்க்கவில்லை. கெஜட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சுங்க," என்றாள் பாப்பாயி. "கூடவே இருக்குதுங்க."

மணியக்காரர் குறிப்பு எழுதினார். இரண்டு பெண்களும் கைநாட்டு வைத்தார்கள். மாரக்காளின் கட்டைவிரலை மைப்பெட்டியில் அமுக்கி எடுத்தபோது தவிடும் சேர்ந்து அப்பி, ரேகை தெரியவில்லை. "கையைக் கழுவிட்டு வா," என்றார் கைலாசம். "பரவால்லீங்க சாமி, அதுவும் எங்கையிதான்," என்று மாரக்காள் மறுபடி ஓர் அமுக்கு அமுக்கினாள்.

நகலை வாங்கி மணியக்காரர் அங்கேயே வாய்விட்டுப் படித்தார். "ஆண். தகப்பன் மாதையன். தாய் பாப்பாயி. மாரக்காளிடமிருந்து ஒரு படி தவிட்டுக்கு. மேற்படி தவிடு ஒரு படி குறைவின்றித் திருப்பிப் பெறப்பட்டு, மேற்படி ஆண் நல்ல நிலையில் மேற்படி மாரக்காள் வசம் ஒப்படைக்கப்பட்டான்." நிறுத்தி, இன்னொரு தடவை தனக்குள் படித்துக்கொண்டார். "இது பொறந்த நகலா, மாட்டுச் சந்தை ரசீதாங்க?"

"பதிவுல உள்ளபடி," என்றார் கைலாசம். மேசையிலிருந்த தவிட்டைக் கெஜட்டோடு மடித்துப் பாப்பாயியிடம் கொடுத்தார். "இது உன் சொத்து, எடுத்துக்கிட்டுப் போ."

பந்தக்கால் நட்டார்கள். கீற்றை வேலுமணிதான் கொண்டுவந்து இறக்கினான். எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டான்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் சென்னிமலை விட்டுப்போன கிணற்றுக்குப் புறப்பட்டான். மாரக்காள் தூக்குப்போசியில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். முந்தானை முடிச்சு அப்படியே இருந்தது. சேலை மாறியிருந்தது, முடிச்சு இந்தச் சேலைக்கு வந்துவிட்டது.

"அது என்னம்மா, மறந்தாப்பல முடிஞ்சு வெச்சிருக்கே?"

"மறக்கலை. உன்ற மாமியாளுக்குக் குடுக்கோணும்."

"குடுத்துட்டு வாரட்டா? பக்கந்தானே."

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பாப்பாயி தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எனக்கு அவசரம் இல்லை மாப்பளே. அது எங்கீயும் போகாது. நீங்க வேலையப் பாருங்க."

அவன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். உச்சிப்பொழுதில் கிணற்றுப் பக்கம் மூன்று வெடி கேட்டது. மாரக்காள் முடிச்சைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, மூன்றும் முடிகிறவரைக்கும் எண்ணினாள்.