ஃபென்விக் எழுதாத வரிகள்

டார்கஸ் அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அம்மாவிடம் காட்டாதே. மெழுகுவத்தி இரண்டு விரல் உயரம்தான் மிச்சம், அதற்குள் சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் எழுத்து கோணினால் திட்டாதே.

எங்கள் நாடகக் குழு முதலாளி கார்த்யூவுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இது குழுவில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலைக்காரி வேடத்தில் வந்து தேநீர்த் தட்டை வைத்துவிட்டுப் போவதெல்லாம் பேருக்குத்தான். அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டி, அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதுதான் என் உண்மையான வேலை. எதையும் மூன்று முறை வாசித்தால் போதும், காதாலேயே மனப்பாடம் செய்துவிடுவார். மேடையில் கதவிலிருந்து நாற்காலிவரை பதினோரு அடி என்று எண்ணி நடப்பார். போன வாரம் ஹல் நகரத்தில் யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டார்கள். நேராகப் போய்க் கதாநாயகியின் மடியில் விழுந்தார். கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் ஒருவன் சீட்டி அடித்தான்.

இன்று, வெள்ளிக்கிழமை மதியம், ஃபென்விக்கிடமிருந்து கடிதம் வந்தது. நாங்கள் ஆடும் நாடகத்தை எழுதியவர். அவர் அனுமதி இல்லாமல் ஓர் இரவுகூட ஆட முடியாது.

"என்னம்மா எழுதியிருக்கான் நம்ம மேதை? இன்னும் ரெண்டு சாவு சேக்கணுமாமா?" என்று கார்த்யூ கோப்பையைப் பிடித்தபடி முகத்தை என் பக்கம் திருப்பினார்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: 'நீங்கள் குடித்துவிட்டு மேடையேறி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். இந்தச் சனிக்கிழமையோடு என் நாடகத்தை நிறுத்துங்கள். மீறினால் வழக்கு.'

அவர் காத்துக்கொண்டிருந்தார் அக்கா. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதை என் பக்கம் சாய்த்தார். நான் வாயைத் திறந்தேன், வேறு ஏதோ வந்தது. "நண்பர் கார்த்யூவுக்கு. ஈஸ்டர் வரை இந்த நாடகம் உங்களுடையது. உங்களைத் தவிர வேறு எவரும் இந்த வேடத்தைத் தொடக்கூடாது."

இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

ராத்திரி ஆட்டம் முடிந்து சாப்பிடும்போது எழுந்து நின்று, எல்லோருக்கும் அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். "சார், இது கடிதமா, இல்ல அவர் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கக் கேக்குறாரா?" என்று எங்கள் குழுவில் இருக்கும் நெல் என்பவள் கேட்க, மேசையே அதிர்ந்தது. நான் பன்றிக்கறித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "காலையில பத்து மணிக்கு இந்த ஊர் தியேட்டர்காரர் வர்றாரு. கடிதத்தை அவர் கையில குடுத்து, ஈஸ்டர் வரைக்கும் கையெழுத்துப் போட்டுடலாம்."

பத்து மணிக்குத் தியேட்டர்காரர் கண்ணால் படிப்பார். அவர் படிக்காமல் விட்டாலும், திங்கட்கிழமை ஆடினால் வழக்கு.

எல்லோரும் தூங்கியதும் கீழே இறங்கினேன். கார்த்யூ கணப்பு அருகே உட்கார்ந்திருந்தார்.

"யாரு? காலடி புதுசா இருக்கே."

"ஹெஸ்டர் சார். செருப்புப் போடல. அந்தக் கடிதத்தை மறுபடி படிக்கணும்."

"எதுக்கு? எனக்குத்தான் மனப்பாடமாச்சே."

"உங்களுக்கு மனப்பாடமானது இதுல இல்ல சார்."

படித்தேன். இந்த முறை உள்ளதை உள்ளபடி. "இன்னொரு தரம்" என்றார். மூன்றாம் முறை என்னோடு சேர்ந்து அவர் உதடும் அசைந்தது. வேடத்துக்கு வசனம் படிப்பது போலவே.

"குடிகாரன்னா பரவாயில்லையே. குடிகாரனுக்கு அடுத்த ஊர்ல வேலை கிடைக்கும்" என்றார். பிறகு, "பேனாவை எடு."

அவர் சொன்னதை எழுதினேன். மை காய்ந்ததும், "பாக்ஷாவை எழுப்பிக் கூட்டிட்டு வா" என்றார். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி.

"சார், நானே படிச்சுக் காட்டுறேனே—"

"கூட்டிட்டு வா."

பாக்ஷா இரவுத் தொப்பியோடு வந்தாள். "என்ன, வீடு பத்திக்கிச்சா? இல்லேன்னா காலையில முட்டை கிடையாது, சொல்லிட்டேன்."

"இதுல என்ன இருக்குன்னு படிங்கம்மா. சத்தமா."

"நீங்க எழுத வெச்சதுதானே? நீங்களே படிங்க."

"எனக்குக் கண்ணு தெரியல."

எட்டு மாதமாக நான் பொத்தி வைத்ததை, முட்டைக்குச் சண்டை போடுகிறவளிடம் சொல்லிவிட்டார். நான் எழுதியதைச் சரிபார்க்க வேறு ஆள் வேண்டுமே. பாக்ஷா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"'ஐயா. நான் குடிக்கவில்லை. என் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நாளை இரவு நேரில் வந்து பாருங்கள். அதன் பிறகும் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன்.'"

ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்தார். கையெழுத்து காகிதத்தைத் தாண்டி மேசை விரிப்பில் போய் முடிந்தது. பாக்ஷா விரிப்பில் பட்ட மையைத் துணியால் ஒற்றி எடுத்தாள். கடிதத்தை அவளிடமே கொடுத்தார். ஃபென்விக் பக்கத்து லீட்ஸ் நகரத்தில்தான் இருக்கிறார். முதல் தபாலில் போட்டால் மதியமே கிடைத்துவிடும். தியேட்டர்காரரிடம் திங்கட்கிழமை வரச் சொல்லும்படியும் அவளிடமே சொன்னார்.

அவள் போன பிறகு கேட்டேன். "சார், நாளைக்கு நான் வரலாமா?"

கணப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "மேடைக்கு வா. தட்டு எடுத்துட்டு வர ஆள் வேணும். கடிதத்துக்கு வராதே."

அவ்வளவுதான் அக்கா. ஃபென்விக் வருவாரா, வந்தால் என்ன சொல்லுவார், தெரியாது. நாளைக்குத் திரை தூக்குமுன் நானே போய் நாற்காலியைப் பார்த்துவிடுவேன். கதவிலிருந்து பதினோரு அடி. அதையாவது சரியாக வைக்க வேண்டும்.

ஹெஸ்டர்