கூனனை எனக்குத் தெரியும்

மண் கூரையாக மேலே இருக்கிறது, அதிலிருந்து பனைகள் தொங்குகின்றன, வேர் மேலே, கொண்டை கீழே, ஓலைகள் நீல வானத்தைத் துழாவுகின்றன, உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் இறங்கி வந்து கண்ணில் நிற்கிறது, கடலோரத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியின் உத்தரத்தில் கணுக்காலுக்குக் கயிறு போட்டு என்னைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கயிறு எனக்குப் புதிதா என்ன, காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு பிழைத்தவன் நான், பனையேறி, ஆனால் தலை மேலே இருக்கும்போது போடுகிற கயிறு வேறு, தலை கீழே இருக்கும்போது போடுகிற கயிறு வேறு, குண்டு வச்சது யாருடா, பேரைச் சொல்லு, என்று ஒரு குரல் என் முழங்கால் பக்கத்திலிருந்து வருகிறது, சொல்லுடா, சொல்லு, அண்ணாச்சி, டீ ஆறுது பாருங்க, என்கிறான் காத்தமுத்து, கண்ணைத் திறந்தால் அவன் டீக்கடை, பட்டப்பகல், சுவரில் டிவி, டிவிக்குள் கோட்டு போட்ட ஒரு ஆள் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறான், ஊருக்குள்ள ஒரு குண்டு இருக்கு, அது எங்க இருக்குன்னு ஒருத்தனுக்குத் தெரியும், அவனை அடிச்சா ஆயிரம் பேர் பிழைப்பாங்க, அடிப்பீங்களா, மாட்டீங்களா, அவனுக்கு எதிரே ஒரு அம்மா, அடிக்கக் கூடாது, சட்டம் அனுமதிக்காது என்று தாளைப் பார்த்து வாசிக்கிறாள், எனக்கு ரெண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை, ரெண்டு பேருக்கும் வியர்க்கவில்லை, அந்த ஒருத்தன் யார் என்று ரெண்டு பேரும் கேட்கவில்லை, அந்த ஒருத்தன் நான்தான், குண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன், இங்கே காத்தமுத்து கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நான் கூனன் உச்சியில் இருந்தேன், விடிந்து வெயில் ஏறாத நேரம், கூனன் என்றால் என் பனை, பாதி உயரத்தில் கடலைப் பார்த்து வளைந்து பிறகு நிமிர்ந்த மரம், அதனால் கூனன், பக்கத்தில் நிற்பது இடிவிழுந்தான், அதற்கடுத்து சப்பாணி, பாளை இருந்தும் கலயத்தில் சொட்டு வடிக்காமல் ஏமாற்றுகிறவன் கள்ளன், காற்றடித்தாலும் ஓலை சலசலக்காதவன் ஊமையன், பனையேறிகள் எல்லாரும் அப்படித்தான், தினமும் நெஞ்சோடு அணைத்து ஏறுகிற மரத்துக்குப் பெயர் இல்லாமல் எப்படி, நாய்க்கு வைக்கிறோம், மாட்டுக்கு வைக்கிறோம், சோறு போடுகிறவனுக்கு வைக்க மாட்டோமா, அன்றைக்குக் கூனன் உச்சியிலிருந்து பார்க்கிறேன், ரயில் ரோட்டோரம் ஒரு வேன் நிற்கிறது, ரெண்டு பேர், எங்கள் பக்கத்து ஆள் இல்லை, நடையே வேறு, ஓடைப்பாலத்துக்கு அடியில் குனிந்து எழுந்தார்கள், பிறகு தெற்கே வந்து கல்பாலத்துக்கு அடியில் குனிந்து எழுந்தார்கள், ரயில்வேக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துப் பாளையைச் சீவினேன், மரம் மரமாக இறங்கி ஏறி, பதநீரைக் கொண்டுவந்து பானையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஓடைப்பாலம் வெடித்தது, கூட்ஸ் வண்டி வரும் முன்னால் வெடித்ததால் தண்டவாளம் மட்டும் போனது, ஊரே ஓடைப்பாலத்தைப் பார்த்து ஓடியது, நான் மட்டும் போலீசைப் பார்த்து ஓடினேன், கல்பாலத்திலும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதே, யாரும் கூப்பிடாமல், யாரும் ஒரு தட்டுத் தட்டாமல், என் காலால் நானே நடந்துபோய்ச் சொன்னேன்.

அதுதான் அந்த இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை, குணாளன் என்று பெயர், வடக்கேயிருந்து வந்தவன், அந்தக் கிட்டங்கியைப் போலீஸ் முகாமாக்கி மேசை போட்டு உட்கார்ந்திருந்தான், நான் சொல்லச் சொல்ல என் நெஞ்சையே பார்த்தான், மரம் அணைத்துக் காய்த்துப்போன நெஞ்சு, யோவ், கேட்காம வந்து சொல்றியே, உனக்கு எப்படித் தெரியும், பனை மேல இருந்து பாத்தேன்யா, பனை மேல இருந்து பாத்தியா இல்ல பக்கத்துல நின்னு பாத்தியா, மேல இருந்துதான்யா, மொதல்ல ஆள அனுப்புங்க, கல்பாலத்துல இருக்கு, போனா எங்க மேல வெடிக்கும், அதானே பிளான், என்று சிரித்தான், பேருக்கு ஒரு ஜீப் போனது, போனவர்கள் இறங்காமல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்லைங்கய்யா என்று திரும்பி வந்தார்கள், அதற்குள் யாரோ சொல்லிவிட்டான், இவன் மச்சினன் தொம்மைகிட்ட வள்ளம் இருக்கு, கடலுக்கு அந்தப் பக்கமெல்லாம் போவான் என்று, இன்ஸ்பெக்டர் முகம் தெளிந்துபோனது, அவனுக்கு வேண்டிய கதை கிடைத்துவிட்டது, தொம்மை சரக்கு கொண்டாந்தான், நீ வச்ச, அப்படித்தானே, தொம்மை எங்கடா, மீனுக்குப் போயிருக்காம்யா, வந்துருவான், அவன் பேரச் சொல்லி ஒரு கைநாட்டு வை, நீ வீட்டுக்குப் போகலாம், வைக்க மாட்டேன்யா, அவன் சுறாவுக்குப் போறவன், குண்டுக்குப் போறவன் இல்ல, என்றேன், பக்கத்தில் நின்ற ஏட்டு சங்கிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், அடுத்து அவன் கையாலேயே அடிக்கச் சொன்னான் இன்ஸ்பெக்டர், பாதத்தில்.

சும்மா சொல்லக் கூடாது, என் பாதத்தைப் பார்த்து நானே பெருமைப்பட்டது அன்றைக்குத்தான், பனஞ்செதிலில் ஏறி ஏறி மாட்டுத்தோல் மாதிரி ஆன பாதம், கம்பு தெறித்துப் போய்ச் சுவரில் விழுந்தது, எலே பனையேறி, என்ன காலுல இது, லாடமா அடிச்சிருக்கே, என்று சங்கிலி கையை உதறினான், நான் சிரித்தேன், அந்தச் சிரிப்புக்குத்தான் தலைகீழ், அதற்குப் பிறகு தண்ணீர், அதை நான் விரித்துச் சொல்ல மாட்டேன், அழுதேனா என்று கேட்டால் அழுதேன், அம்மாவைக் கூப்பிட்டேனா, கூப்பிட்டேன், உடம்பு அழுதது, உடம்புக்கு மானம் கிடையாது, யார் உடம்புக்கும் கிடையாது, இந்த டிவிக்காரனைத் தொங்கவிட்டால் இவன் உடம்பும் அழும், குண்டு வைத்தது தன் தாத்தா என்று சொல்லும், நான் திரும்பத் திரும்பக் கல்பாலம் கல்பாலம் என்றுதான் கத்தினேன், அந்த ஒரு உண்மைதான் என்னிடம் இருந்தது, அதை மொதல்லயே சொல்லிட்டியேடா, அடிக்கு முந்தி வந்தது எப்படிடா உண்மையாகும், புதுசாச் சொல்லு, என்றான் இன்ஸ்பெக்டர், அவன் கணக்கு அப்படி, ரத்தம் ஒட்டியிருந்தால்தான் உண்மை, எனக்கு நாக்கு ஒரு பெயரைத் தேடி அலைகிறது, எந்தப் பெயராவது, கொடுத்தால் இறக்கிவிடுவார்கள், தொம்மை என்கிற பெயர் நுனிக்கு வந்து நிற்கிறது, அவன் வள்ளம் கரைக்கு வருகிற நேரம், என்னை அத்தான் அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டு நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைத்திருப்பான், வாயைத் திறந்தேன், அப்போதுதான் ஜன்னலில் பனைகள் தொங்குகின்றன, கொண்டை கீழே, வேர் மேலே, தலைகீழாக இருந்தாலும் அந்த வளைவு எனக்குத் தெரியாதா, கூனன், என்றேன்.

கூனன், என்றதும், எழுதுய்யா எழுதுய்யா, என்று இன்ஸ்பெக்டர் சங்கிலியை விரட்டினான், வேற யாரு, இடிவிழுந்தான்யா, பட்டப்பேரா, ஆமாய்யா, எல்லாம் பட்டப்பேர்தான், அப்புறம் சப்பாணி, கள்ளன், ஊமையன், ஊமையன் பேச மாட்டானா, வாயே திறக்க மாட்டாம்யா, கள்ளன்தான் எல்லாத்தையும் ஒளிச்சு வப்பான், எங்க இருக்காங்க, இந்த ஊருலதான்யா, கடலப் பாத்துதான் நிப்பானுவ, என்று சொல்லச் சொல்ல எனக்கே ஒரு தெம்பு வந்தது, நான் சொன்னதில் ஒரு பொய் கிடையாது, கயிற்றை இறக்கினார்கள், டீ கொடுத்தார்கள், பாத்தியாய்யா, கேட்கிற விதத்துல கேட்டா வரும், என்று இன்ஸ்பெக்டர் சங்கிலியிடம் சொன்னான், நான் மெனக்கெட்டு நடந்து வந்து கொடுத்த உண்மை குப்பையில் கிடக்கிறது, என் மரங்களைத் தேடி வயர்லெஸ் போகிறது, உடம்பெல்லாம் ரணமாக மூலையில் கிடந்து, டீயை உறிஞ்சி, வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டேன், பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத எனக்கு இப்படி ஒரு வேலை செய்ய வந்ததே என்று.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர்கள் கூனனைப் பிடித்து வந்துவிட்டார்கள், கடைவீதியில் குடை தைக்கிற ஆள், பிறவியிலேயே முதுகு வளைந்தவர், சட்டையைக் கிழித்து இழுத்து வருகிறார்கள், கையில் குடைக்கம்பி ஒன்றைப் பிடித்தபடியே வருகிறார், கீழே போடவும் தெரியாமல், ஐயா நான் கொடை தைக்கிறவன், என்னய எதுக்கு, என் கணுக்காலில் இருந்து அவிழ்த்த கயிறு அங்கேயேதான் கிடக்கிறது, சங்கிலி அதை எடுக்கிறான், முதுகு நிமிராத மனுஷனை எப்படித் தொங்கவிடுவது என்று நின்று யோசிக்கிறான், நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் என் தோல் தப்பும், தொம்மை தப்புவான், இந்தக் குடைக்காரர் எனக்கு யார், அண்ணனா தம்பியா, ஆனால் என் வாயிலிருந்து போன பெயர் அவர் முதுகில் போய் ஏறியிருக்கிறது, இது கூனன் இல்லைய்யா, என்று எழுந்து நின்றேன், கூனனை எனக்குத் தெரியும், கையைப் பிடிச்சுக் காட்டுதேன், ஜீப்பை எடுங்க, அவர விடுங்க, இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தான், ஏமாத்துனா உசுரு இருக்காது, இருக்காதுன்னு தெரியும்யா, வாங்க.

என் பனைகள் நிற்கிற விளையில் போய் ஜீப் நின்றது, உச்சி வெயில், துப்பாக்கியோடு இறங்கி மறைந்து மறைந்து வந்தார்கள், அடையாளம் காட்ட வேண்டும் என்று என் கைவிலங்கைக் கழற்றியிருந்தார்கள், நான் வீங்கிய காலோடு, கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கூட்டிப் போகிறவன் மாதிரி முன்னால் நடந்தேன், இதாம்யா கூனன், என்று மரத்தைத் தொட்டேன், இது இடிவிழுந்தான், அன்னா அது சப்பாணி, இது கள்ளன், கலயத்த எட்டிப் பாருங்க, ஒண்ணும் இருக்காது, ஊமையன்ட்ட என்னமும் கேக்கணும்னா கேளுங்க, அடிச்சும் கேக்கலாம், ஏட்டு சங்கிலிதான் முதலில் சிரித்தான், அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான், ஐயா, இவனுவளத் தேடச் சொல்லி வயர்லெஸ்ல வேற சொல்லிட்டோமேய்யா, என்றான், இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கிக்குப் போனது, நான் கூனனில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன், சாகிறதென்றால் இங்கேயே, பயம் இல்லை என்றால் நம்புவீர்களா, நம்பாவிட்டால் போங்கள், அந்த நேரத்தில்தான் தெற்கே கல்பாலம் வெடித்தது.

தரை ஆடியது, காக்கை எல்லாம் எழுந்தது, சங்கிலியின் சிரிப்பு வாயிலேயே நின்றுபோனது, மொதல்லயே சொன்னேனேய்யா, என்றேன் நான், சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை, ஓடுகிறார்கள், ஜீப்பைப் பார்த்து எல்லாரும் ஓடுகிறார்கள், என்னை என்ன செய்வது என்று சொல்ல மறந்தே ஓடுகிறார்கள், தண்டவாளத்தைச் சோதித்துத் தள்ளுவண்டியில் வந்த கேங்மேன்களில் ஒருத்தனுக்குக் கால் போனது, அவன்தான் இந்தக் காத்தமுத்து, என்னிடம் பதநீர் வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவன், இப்போது கட்டைக்காலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு டீ ஆற்றுகிறான், டிவியில் கோட்டுக்காரன் இன்னும் தட்டுகிறான், அடிப்பீங்களா, மாட்டீங்களா, இவன் ஒருத்தன், காது கேக்கதுக்கு இருக்குன்னு தெரியாதவன், ஒரு ஆள அனுப்பி எறங்கிப் பாத்திருந்தா என் காலு எங்கிட்டயே கெடந்திருக்கும், அத அணைச்சுத் தொலையும்லே, என்று கடையில் யாரையோ ஏசுகிறான் காத்தமுத்து, அண்ணாச்சி, உமக்கு இன்னொரு டீ போடட்டா, போடு, என்கிறேன், தொம்மை அன்றைக்கு மீனோடுதான் கரையேறினான், பிடிக்க யாரும் நிற்கவில்லை, குடைக்காரரை விட்டுவிட்டார்கள், என்னையும் பிறகு யாரும் தேடி வரவில்லை, தொம்மை, இன்னும் எத்தனையோ வருஷம் கடலுக்குப் போனான், வயசாகி, பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, தன் கட்டிலில் செத்தான், அவன் பெயரைக் கல்லறையில் எழுதினார்கள், வேறெங்கும் யாரும் எழுதவில்லை, எழுத விடவில்லை நான்.

அன்றைக்கு ஜீப் புறப்படும் முன்னால் நான் கூனனில் ஏறிவிட்டேன், அடிபட்ட பாதத்தோடு, தளைநாரும் இல்லாமல், வளைந்த மட்டும் நடந்தே ஏறலாம், பிறகு நெஞ்சைக் கொடுத்தேன், நெஞ்சுக்குத் தெரியும், புகை தெரிகிறது, நான் சொன்ன அதே இடம், அந்தப் புகைக்குள் யார் கத்துகிறார்கள் என்று அப்போது தெரியாது, எலே, எறங்குடா, என்று கீழே இன்ஸ்பெக்டர் கத்துகிறான், ஓலைமட்டையில் கால்களைக் கொக்கி போட்டு, நானாகவே தலையைத் தொங்கவிட்டு அவனைப் பார்க்கிறேன், மண் கூரையாக மேலே இருக்கிறது, அதிலிருந்து அவன் தொங்குகிறான், பூட்ஸ் மேலே, தொப்பி கீழே, அவனுக்குப் பக்கத்தில் ஜீப், பூச்சிகள் மாதிரி அவன் ஆட்கள், ஒருத்தன் காலையும் யாரும் கட்டவில்லை, ஆனாலும் தொங்குகிறார்கள், ரத்தம் என் கண்ணுக்கு வருகிறது, வரட்டும், இந்த முறை கயிறு இல்லை, கூனன் என் இடுப்பைப் பிடித்திருக்கிறான், யாரும் கேட்காமலே இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறேன், கல்பாலம்யா, கல்பாலம்.