பூப்போட்ட தலையணை

பத்திரிகைக்காரர்கள் மத்தியில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு எட்டியிருந்தது, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மற்ற படக்காரர்கள் மேடைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் பாருங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தும்போது இவள் ஓரமாக நிற்பாள். ஒரு கண் கேமராவில் இருக்கும், மறு கண் மூடியிருக்கும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டாள். வேண்டியது வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஒரே கொத்து.

அப்படித்தான் ஒரு விருது விழாவில், பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் மேடைப் படியில் கம்பளம் தடுக்கி முகம் குப்புறச் சாய்ந்தார். முன்வரிசைப் படக்காரர்கள் எல்லோரும், மனிதர்கள்தானே, பதறிப்போய்க் கையை நீட்டினார்கள். இவள் ஒருத்திதான் படம் எடுத்தாள். தலைவருக்கு மூக்கில் தையல், இவளுக்கு ஊரெல்லாம் பேர். அதன் பிறகு அவள் வேலை தேடிப் போனதில்லை. வேலை அவளைத் தேடி வந்தது.

மகள் பிறந்ததும் அந்த வேலைக்கு வழி மறந்துவிட்டது. அவள் எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளக்காரி இல்லை. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. எல்லோரும் அக்கறையாகத்தான் பேசினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரமே இல்லை என்றார்கள். அவசரமே இல்லை என்றால் வேறு ஆளைப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். தப்பித் தவறி வந்தது ஒரே ஒரு வேலை, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் பேட்டிக்குப் படம். விளக்குகளை நிறுத்தி, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குனிந்து பார்க்கிற நேரத்தில் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. நீதிபதி நல்ல மனிதர். பார்வையைக் கூரைக்கு உயர்த்தியவர் கடைசிவரை இறக்கவே இல்லை. அத்தனை படத்திலும் கூரையில் பல்லி தேடுகிறவர் மாதிரியே இருந்தார். பத்திரிகையில் அவருடைய பழைய படம் ஒன்றைப் போட்டுச் சமாளித்தார்கள்.

இதைக் கணவனிடம் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். அவனும் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வீட்டில் அப்போதெல்லாம் தண்ணீர்ச் செலவு கொஞ்சம் அதிகம்தான்.

அழுகைக்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. மகளைக் கையில் எடுத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. பெற்றவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் பாசம் பொத்துக்கொண்டு வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்களே, அது அவளுக்கு வரவில்லை. வராததை யாரிடம் போய்ச் சொல்வது? கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் பயம் விலகும். மகளின் இமை, காதோர முடி, மூடிய விரல்களின் மடிப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும், மனசு இளகும். கேமராவை இறக்கினால் பழையபடி பயம் வந்துவிடும். நான் ஒரு தாயே இல்லை என்று அவள் தன்னைப் பற்றி முடிவு கட்டி வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் வாரப் பத்திரிகை ஒன்றில் படப் பிரிவைக் கவனிக்கிற அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை. அட்டைக்கு ஏற்பாடு செய்திருந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பாம். மறுநாள் சாயங்காலத்துக்குள் படம் வேண்டும்.

"உன் வீட்டுலயே ஒண்ணு இருக்கேம்மா," என்றார். "ஜன்னல் வெளிச்சம், வெள்ளை விரிப்பு, பிள்ளை. வேற எதுவும் கண்ணுல படக் கூடாது. அட்டைப் படம், யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? அட்டைப் படத்துக்குக் கீழே பெயர் வந்தால், கொக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும். இதையும் விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மறுநாள் காலை கணவன் வேலைக்குப் போய்விட்டான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தக் கம்பியையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டான். வீட்டுக் கதவைப் பூட்டினாலும் அதே கதைதான். இரண்டு தெரு தள்ளி அவனுடைய அக்கா இருந்தாள். துணி தைக்கும் ஆலையில் வேலை. தினமும் போகிற வழியில் வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டிக் கட்டிலில் போட்டு, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அந்தத் தலையணைகளுக்கு உறை தைத்ததும் அவள்தான், ஆலையில் மிஞ்சிய துணியில். பச்சை நிறத்தில் பெரிய பெரிய ஆரஞ்சுப் பூக்கள். பார்த்தால் கண் கூசும். நாத்தனாரின் மனசு எவ்வளவு நல்லதோ, ரசனை அவ்வளவு மோசம்.

அன்றைக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "இன்னைக்கோ நாளைக்கோ குப்புற விழுந்துருவா. கண்ணு அவ மேலயே இருக்கட்டும்."

கண் அவள் மேலேயேதான் இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஜன்னல் வெளிச்சம் அருமையாக இருந்தது. நிழல் பக்கம் இருட்டாமல் இருக்க ஒரு வெள்ளைத் தட்டியை இரும்பு ஸ்டாண்டில் மாட்டிக் கட்டிலை ஒட்டி நிறுத்தினாள். நாலைந்து படம் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மகளின் கன்னத்தில் ஆரஞ்சுச் சாயம். தலையணைப் பூ வெயிலை வாங்கிக் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தது. போய் அந்தப் பக்கத்துத் தலையணையை உருவி நாற்காலியில் போட்டாள். மூன்று எட்டு பின்னால் வந்து மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

கன்னம் இப்போது சுத்தமாக இருந்தது. மகள் காலைத் தூக்கினாள், இடுப்பை முறுக்கினாள், ஒருக்களித்து அப்படியே நின்றாள். முகத்தில் ஒரு திகைப்பு. இதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குள் என்னவோ நிரம்பி வந்தது, இத்தனை மாதமாக வராதது. விரல் பொத்தானை அழுத்தியது, விடவில்லை. கேமரா தடதடவென்று எடுத்துக்கொண்டே இருந்தது. மகள் குப்புற விழுந்தாள், தலையைத் தூக்கப் பார்த்தாள், மறுபடி புரண்டாள். மகள் ஓரத்துக்கு வந்தாள், கேமராவும் கூடவே வந்தது. மகள் கீழே போனாள், கேமராவும் கீழே போனது. சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கையில் மகள், தோளில் பை. குழந்தை மருத்துவர் பொறுமையானவர். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், கை காலை மடக்கிப் பார்த்தார். நெற்றியில் லேசான சிவப்பைத் தவிர வெளியே ஒன்றும் தெரியவில்லை. எப்படி விழுந்தாள், எது முதலில் பட்டது, பார்த்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். துண்டு எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயைத் திறந்தாள், அதுவாகவே வந்து விழுந்தது. வெறும் தரையில்தான் விழுந்திருப்பாள், கட்டிலும் உயரமில்லை என்றார் மருத்துவர். ஸ்கேன் எடுப்பதென்றால் இத்தனை சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும், தேவையில்லாமல் எதற்கு, சாயங்காலம்வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

கணவன் கையெல்லாம் கிரீஸோடு வந்தான். பின்னாலேயே நாத்தனார், புடவை முழுக்க நூல் பிசிறோடு. வந்ததும் வராததுமாகத் தலையில் அடித்துக்கொண்டு தன்னைத்தான் திட்டினாள். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரத்தில் முட்டுக் கொடுத்தேன், சரியாகச் செருகவில்லை, என் கையில் கொள்ளி வைக்க என்று புலம்பினாள். எதையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற கணவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஒரு தடவ அழுத்திப் பாத்திருக்கலாம்க்கா."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். இவள் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு கேவலமானவளா நான் என்று மனசு கேட்டது, ஆமாம் என்று அதுவே பதிலும் சொன்னது.

மகள் ஒரு தடவை பாலைக் கக்கிவிட்டு அசந்து தூங்கிப்போனாள். மாற்றுத் துணி எடுக்கச் சொன்னாள் நாத்தனார். பிள்ளை வந்த பிறகு அந்த ஒரே பைதான் எல்லாவற்றுக்கும். லென்ஸ் வைக்கிற குழியில் குழந்தைத் துணி கிடக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தால் மேலாகக் கேமரா இருந்தது. அதை எப்போது உள்ளே வைத்தாள் என்றுகூட நினைவில்லை. கைபேசியில் படப் பிரிவு அம்மாளிடமிருந்து செய்தி வந்து கிடந்தது: படம் என்னாச்சும்மா?

அவள் கேமராவை முடுக்கி, பின்பக்கத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒருக்களித்து நிற்கும் மகள், அந்தத் திகைத்த முகம், இமை முடிவரை துல்லியம். முதலில் அவள் மனசில் வந்தது, படம் பிரமாதம் என்பதுதான். அது வந்த வேகத்தில் கேமராவை மடியில் கவிழ்த்தாள். ஆனாலும் விடவில்லை, நிமிர்த்தி அடுத்தடுத்துத் தள்ளினாள். கடைசிக்கு முந்தின படத்தில் மகள் பாதி அந்தரத்தில் இருந்தாள். பின்னந்தலைக்கு நேர் கீழே ஸ்டாண்டின் இரும்புக் கால். கடைசிப் படத்தில் தலை அதன் மேல் இருந்தது.

வெறும் தரை இல்லை.

அழிக்க ஒரு பொத்தான் போதும். அவள் விரல் அதன் மேல் போய் உட்காரவும் செய்தது. அழித்தால் அட்டையும் இல்லை, சாட்சியும் இல்லை, பழியை நாத்தனார் சுமந்துகொண்டு போய்விடுவாள், சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். பக்கத்து அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்நேரத்துக்கு அவள் தூங்குகிறவளே இல்லை.

எழுந்து உள்ளே போனாள். கணவனும் நாத்தனாரும் இருக்கும்போதே மருத்துவரிடம் கேமராவை நீட்டினாள்.

"துண்டு எடுக்கப் போகல டாக்டர். அங்கதான் நின்னேன். படம் எடுத்துட்டு இருந்தேன்."

மருத்துவர் திரையில் குனிந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், மகளின் காதுக்குப் பின்னால் முடியை விலக்கி விரலால் மெல்ல அழுத்தினார், தூக்கத்திலேயே மகள் முகத்தைச் சுளித்தாள். உடனே ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டார். எலும்பில் மெல்லிய விரிசலும் உள்ளே சிறு ரத்தக் கசிவும் இருந்தன. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ராத்திரி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, நல்லவேளை காட்டினீர்கள் என்றார். இங்கேயே இருக்கட்டும், தானாகவே சரியாகிவிட வாய்ப்பு அதிகம் என்று தைரியமும் சொன்னார். அன்று முழுவதும் அவளிடம் யாராவது சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

கணவன் கேமராவை வாங்கினான். கம்பியைச் சோதிக்கிற மாதிரி முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முதல் படங்களில் பூப்போட்ட தலையணை சிக்கென்று கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு அது இல்லை. நாத்தனாரும் தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"முட்டு நல்லாத்தான் குடுத்திருக்கேன்," என்றாள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிறவள் போல. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவன் கத்துவான் என்று இவள் காத்திருந்தாள். கத்தினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"எவ்வளவு தூரத்துல நின்னே?"

"மூணு எட்டு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கேமராவை அணைத்து, லென்ஸுக்கு மூடி போட்டு, பையில் வைத்து இழுத்து மூடினான். மூடியது மூடியதுதானா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"ஒரு எட்டு வச்சிருந்தாலும் கை எட்டியிருக்கும்," என்றான்.

பத்திரிகை வேறு எங்கிருந்தோ ஒரு குழந்தையைப் பிடித்து அட்டையில் போட்டது. நல்ல படம்தான், வெளிச்சம் கொஞ்சம் தட்டை. அந்த அம்மாள் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. பை பரண் மேல் போயிற்று. யார் தூக்கி வைத்தது என்று அவள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. நாத்தனார் தினமும் வந்தாள், குளிப்பாட்டினாள், முட்டுக் கொடுத்தாள். இப்போதெல்லாம் யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்தவள் மாதிரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, தம்பி வரும்வரை உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள்.

மகள் தேறிவிட்டாள். ஒரு நாள் சாயங்காலம் கணவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தான். மகள் தாயைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, உடம்பையே தள்ளிக்கொண்டு வந்தாள். கேமரா இல்லாமல், வெறுங்கண்ணால் பார்க்கும்போதே அவளுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. குடுங்க என்று கையை நீட்டினாள்.

அவன் மறுக்கவில்லை. பக்கத்தில் வந்து, குனிந்து, பத்திரமாக அவள் கைகளில் மகளை வைத்தான். அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவன் நிமிரவில்லை. மகளுக்குக் கீழே, அவள் கைகளுக்கும் கீழே, தன் கைகளை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.