தலைக்குத் தண்ணி

மகன் பாண்டிக்குக் காய்ச்சல் விட்டதும் விட்டது, பலவேசம் துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் பையில் திணித்துவிட்டான். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் நின்றால் குற்றாலத்துக்குக் கொண்டுபோய்த் தலைக்குத் தண்ணி விட வேண்டும். சுரண்டையில் அவன் வீட்டு வழக்கம் அது.

போன வருஷச் சாரல் சீசனில் மூத்தவள் செண்பகத்துக்கும் அப்படித்தான் விட்டார்கள். “அம்மா, குளிருது” என்று அருவிக்கரையில் மடியில் சுருண்டவள், பிறகு கண் திறக்கவே இல்லை. டெங்குவாம், எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள். அதன் பிறகும் இந்த மனுஷனுக்குப் புத்தி வந்ததா என்றால், எங்கே!

“ஏட்டி, அவளுக்கு டெங்கு. பாண்டிக்குத்தான் கார்டுல ஒத்தக் கோடு, டெங்கு இல்லைன்னு ஆயிட்டுல்லா. கெளம்பு,” என்றான்.

காய்ச்சல் கண்ட அன்றே தென்காசி ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த கார்டு அது. காய்ச்சல் விட்டாலும் மறுபடி கூட்டிட்டு வாங்க என்று ஜெஸி சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னது அவன் காதில் ஏறினால்தானே! அவன் பெண்டாட்டி சங்கரேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மகன் மடியிலேயே தூங்கிப்போனான்.

தென்காசியில் பஸ் நின்றபோது காதோரம் கேட்டது. “அம்மா, குளிருது.”

குனிந்து பார்த்தாள். பாண்டியின் உதடு அசையவில்லை. கையைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது. அதே குளிர்ச்சி. பிள்ளையை அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

“கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?”

“ஆமா, பிடிச்சிருக்கு! நீங்க போயிக் குளிங்க. எம்பிள்ளைய நான் தரமாட்டேன்.”

ஆஸ்பத்திரியில் ஜெஸி புதுக் கார்டில் ரத்தம் விட்டாள். காத்திருந்தார்கள். முதல் கோடு வந்தது. பக்கத்தில் மெல்ல, மங்கலாக இன்னொன்று.

“டெங்குதான்க்கா. மொத நாள் கார்டு சிலசமயம் ஏமாத்திரும். காய்ச்சல் எறங்கும்போதுதான் இது ஆளையே சாய்க்கும். அருவிக்குப் போயிருந்தா...” ஜெஸி டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பின்னாலேயே வந்திருந்த பலவேசம் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, பாண்டி கண் திறந்தான். கட்டிலைச் சுற்றிப் பார்த்தான்.

“அக்கா எங்கம்மா?”

சங்கரேஸ்வரி கட்டிலோரம் குனிந்தாள்.

“பஸ்ஸுல நம்ம பக்கத்துலதான இருந்தா? தலையெல்லாம் ஈரம். குளிருதுன்னாளே, ஒனக்குக் கேக்கலியா?”

“கேட்டுதுய்யா,” என்றாள் சங்கரேஸ்வரி.

பலவேசம் பையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.