பதினோராவது தட்டில் எத்தனை கே?

1

இந்தக் கதை என் வீட்டுக்கு ஒரு பெட்டியாக வந்தது. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை என்று கூரியர்க்காரர் அதை என் கேட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எல்லாவற்றையும் படித்தேன். ஒட்டுநாடாவைப் பிரிக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கும் வளர்ப்பு உண்டு. இருபத்தேழு அங்குலம், 2கே, விளையாட்டு மானிட்டர். பெறுநர்: ரூபேந்திரன்.

தொடக்கமாக மூன்று வாக்கியங்கள் எழுதினேன்.

சிம்பாங் ரெங்கத்தில் அன்று நல்ல மழை— (பெய்யவில்லை.)

ரூபேந்திரன் காதலில் விழுந்திருந்தான்— (அதை அவன் அடிக்கும் விசிலே சொல்லிவிடும். கதை எதற்கு?)

ஒரு மானிட்டர் ஒரு கல்யாணத்தை— (இதை முடிக்கப் பயமாக இருக்கிறது.)

2

ரூபனுக்கு வார நாளெல்லாம் சிங்கப்பூரில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. நிச்சயம் செய்யப்போகும் பெண் பிரேமலா, லாபிஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்தால் கணினியில் விளையாடுவாள். முன்பு இரண்டு பேர் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒருவன் இதைக் கேட்டுச் சிரித்தான். இன்னொருவன், "கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுருவீங்கல்ல?" என்றான். ரூபன் மட்டும், "கம்ப்யூட்டர்ல என்ன கார்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் சரி சொன்னாள்.

(இதை என்னிடம் சொன்னவர் ரூபனின் அம்மா. நானாகக் கேட்கவில்லை. சரி, கேட்டேன்.)

அவளுடையது நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு. நிச்சயத் தட்டில் மானிட்டர் வைக்கலாம் என்று ரூபன் முடிவுசெய்து, எது வேண்டும் என்று அவளிடமே கேட்டான். பதில் வந்தது: "இருபத்தேழு, 2கே. அதுக்கு மேல வேணாம். என் கார்டு இழுக்காது."

அடிக்குறிப்பு: 4கே திரையில் இருக்கும் புள்ளிகள் 2கேயைப் போல இரண்டே கால் மடங்கு. ஒவ்வொன்றையும் நொடிக்குப் பலமுறை கார்டுதான் வரைந்து தரவேண்டும். நடுத்தரக் கார்டுக்கு மூச்சு வாங்கும். விளையாட்டில் பாய வேண்டிய புலி திக்கித் திக்கிப் பாயும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3

இங்கே ஓர் அத்தை வருகிறார். பெக்கான் நானாஸிலிருந்து என்று வைத்துக்கொள்வோம். ரூபன் வீட்டுக் கேட்டில் கை வைத்து நின்று பேசுகிறார்.

"என்னக்கா, சிங்கப்பூர் மாப்பிள்ளை ரெண்டு கேதான் வைக்கிறானா? என் அக்கா மவன் வீட்டு டீவியே நாலு கே லா!"

"அலாமாக்! அப்ப இது பாதியா?" என்றார் ரூபனின் அம்மா.

"பாதிதானே? இருநூறு பேரு பாக்க பதினோரு தட்டு வரிசையா வரும். கடைசித் தட்டுல பாதிய வச்சு அனுப்புவீங்களா?"

அந்த வெள்ளிக்கிழமை ரூபன் வீட்டுக்குள் பெரிய பேச்சு நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஜொகூர் பாருவில் வாங்கிய கடையிலேயே கொடுத்து 4கேயாக மாற்றிக்கொண்டு வந்தான்.

(எவ்வளவு எழுதிப் பார்த்தும் அத்தைக்கு முகம் வரவில்லை. அழித்தேன். வசனம் மட்டும் அப்படியே நிற்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன்: அத்தை கிடையாது. கேட்டில் நின்றவள் நான்தான்.)

4

இன்று சனிக்கிழமை. நாளை நிச்சயம். காலையில் ரூபன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். விசில் இல்லை.

"என்ன தம்பி, மாப்பிள்ளைக் களையே காணோம்?"

"ஒன்னும் இல்ல ஆன்ட்டி."

"ஒன்னும் இல்லாதவன் ஒரே டயர நாலு தடவ கழுவுவானா?"

குழாயைக் கீழே போட்டான். "அவ தெளிவா சொன்னா ஆன்ட்டி. தெரிஞ்சேதான் மாத்துனேன். நாளைக்குத் தட்டு மேல மூடுன துணிய எடுத்ததும் அவளுக்குப் புரிஞ்சிரும், நான் அவ பேச்சக் கேக்கலன்னு. அந்த ரெண்டு பேரும் கேக்கல. நான் மூணாவது ஆளு."

நான் வேலியோரம் வந்தேன். "உங்கம்மா மனசுல அந்த நாலு கேயப் போட்டது நான்தான் தம்பி."

"தெரியும் ஆன்ட்டி. தாமான்ல எல்லா வீட்டுக்கும் தெரியும்."

5

நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, எழுதி வைத்திருந்த முடிவுகளை வேலி ஓரமாக அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

ஒன்று: 4கேயே போகிறது. பிரேமலா கேமராவுக்குச் சிரிக்கிறாள். வீட்டில் தெளிவைக் குறைத்துவைத்து, கொஞ்சம் மங்கலாகவே விளையாடிப் பழகிக்கொள்கிறாள். நாற்பது வருடம் நன்றாக வாழ்கிறார்கள். (என்னவோ போல் இருக்கிறது.)

இரண்டு: பெரிய கார்டு ஒன்றையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். ஆனால் தட்டு பன்னிரண்டாகி ஒற்றைப்படை கெட்டுப்போகும். அம்மா மண்டபத்திலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

மூன்று: கடை இன்று திறந்துதான் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் போய்ப் பழையபடி 2கே வாங்கி வருகிறான். எல்லாரும் சுகம்.

ரூபன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மூணுலயும் பிரேமா வாயே திறக்கலையே ஆன்ட்டி?"

நோட்டுப் புத்தகத்தை மூடினேன். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"பிரேமா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ ரெண்டு கே சொன்ன. நான் நாலு வாங்கிட்டேன்... இல்ல, கடைக்காரன் தப்பாக் குடுக்கல. அம்மாவும் இல்ல. நான்தான்."

என் பெயரையும் சொல்லவில்லை. நல்ல பையன். அவள் பேசப் பேச போனைக் காதில் வைத்தபடியே நின்றான். காது சிவந்தது. பிறகு சிரித்தானா, இருமினானா என்று பார்க்க நான் வேலியில் சாய்வதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எனவே அவள் சொன்னது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எனக்கா வழி தெரியாது? ஆனால் நான் எழுதினால் அதுவும் என் வாயாகத்தான் இருக்கும். இதுவரை என் வாய் பேசியது போதும். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது அம்மாவை நினைக்காதீர்கள், தட்டை நினைக்காதீர்கள், இருநூறு பேரையும் நினைக்காதீர்கள்.

பிரேமலா சொன்னாள்: "